யார் பட்ட கடன்?

அப்பா வாங்கிய கடனை மகன் அடைக்க வேண்டுமா?

நம் ஊரில் இதை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் குறைவு. காரியமெல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் வந்து உட்காருவார். 'உங்கப்பா இருந்தப்ப ஒரு சின்ன கணக்கு இருந்துச்சு தம்பி' என்பார். அப்போதுதான் இந்தக் கேள்வியே பிறக்கும்.

பழைய இந்து சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. அடைக்க வேண்டியது மகனின் புனிதக் கடமை. அடைக்காவிட்டால் அப்பாவின் ஆத்மாவுக்கு நற்கதி இல்லை. ஆனால் மகனுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. குடும்பச் சொத்தின் அளவுக்கு மேல் அவனைப் பிடித்து இழுக்க முடியாது. அப்பா குடித்தும் சூதாடியும் பட்ட கடனென்றால் அவன் பொறுப்பே இல்லை. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா? பெண் பிள்ளைகளுக்குச் சம பங்கு கொடுத்த அதே திருத்தம். அதில் இந்தப் புனிதக் கடமையையும் ஓசைப்படாமல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எந்தக் கோர்ட்டும் அவனைக் கூப்பிடாது.

பணக் கடன் இப்படித் தீர்ந்தது. மண்ணில் விட்டுப் போன கடன்? அதற்குப் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. வட்டி மட்டும் தினமும் சோற்றில் வந்துகொண்டிருக்கும். அதை யார் அடைப்பது?

இந்தக் கேள்வியைக் கோர்ட் வரை இழுத்துக்கொண்டு போய் பதில் வாங்கியவர்கள் ஜப்பானில் ஓர் ஆற்றங்கரை விவசாயிகள்.

தொயாமா என்ற மாநிலத்தில் ஜின்சு ஆறு ஓடுகிறது. அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள், அதில்தான் சமைத்தார்கள், அதைத்தான் வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஆற்றின் மேலே, பக்கத்து மாநிலமான கிஃபுவின் மலையில், கமியோகா சுரங்கம். துத்தநாகமும் காரீயமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு ஒட்டிப் பிறந்தது காட்மியம். அன்றைக்கு அதனால் யாருக்கும் பெரிய பிரயோஜனம் இல்லை. கழிவோடு கழிவாக ஆற்றில் போய்விட்டது. போர்க் காலங்களில் உற்பத்தி பெருகியபோது கழிவும் பெருகியது.

கீழே, வயல்வெளியில், நடுவயதுப் பெண்களுக்கு ஒரு வியாதி வந்தது. முதலில் இடுப்பு வலி. அப்புறம் வாத்து மாதிரி அசைந்து நடப்பார்கள். அப்புறம் படுக்கை. இருமினால் விலா எலும்பு முறிந்தது. ஒரு நோயாளியின் உடம்பில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் எலும்பு முறிவு இருந்தது. 'வலிக்குது, வலிக்குது' என்று அவர்கள் முனகியதே நோயின் பெயராகிவிட்டது. ஜப்பானிய மொழியில் 'இத்தாய் இத்தாய்'. நம் காதுக்கு அது 'இந்தத் தாய், இந்தத் தாய்' என்று கேட்கிறது. தற்செயல்தான். ஆனால் படுக்கையில் விழுந்தவர்கள் பெரும்பாலும் பல பிள்ளை பெற்ற தாய்மார்கள்.

ஏன் பெண்கள்? காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்காருகிறது. அவசரமே படாத விஷம் அது. உடம்பில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். அதற்குள் அடுத்த வேளைச் சோறு வந்துவிடும். சிறுநீரகம் கெட்டால் உடம்புக்குத் தேவையான பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரோடு போய்விடும். எலும்பு மெத்தென்று ஆகிவிடும். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருந்தால், குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். பிள்ளை பெற்றுப் பெற்று இளைத்த உடம்பு, வயல் வேலை, கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், நம் பாட்டிமார்களை நினைத்துக்கொண்டால் போதும்.

ஊர் இந்த நோய்க்கு என்ன காரணம் சொன்னது தெரியுமா? கர்ம வியாதி. முன்வினை. ஜப்பானில் பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்த நம் சொல்தான். குடும்பங்கள் நோயாளியை உள்ளறையில் வைத்து மறைத்தன.

இதில் சிரிக்கவோ கோபப்படவோ ஒன்றுமில்லை. மனிதனுக்குக் காரணமில்லாத வலியைத் தாங்கும் சக்தி கிடையாது. கத்தி எடுத்தவன் எதிரே நின்றால் அவனைக் காட்டுவான். சாப்பிட்டு முப்பது வருடம் கழித்து முறிகிற எலும்புக்கு யாரைக் காட்டுவான்? அடித்த கைக்கும் வலிக்கிற உடம்புக்கும் நடுவே ஒரு மலை, ஓர் ஆறு, முப்பது அறுவடை. கை கண்ணுக்குத் தெரியாதபோது விரல் தானாகத் தன் பக்கமே திரும்பிக்கொள்கிறது. 'நான் என்ன பாவம் செஞ்சேனோ' என்கிறோமே, அதுதான். பாதிக்கப்பட்டவர் மீதே பழியைப் போடும் விளக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. வேறு யாரும் பாக்கெட்டில் கை விட வேண்டியதில்லை.

1946-ல் போரிலிருந்து திரும்பிய ஓர் உள்ளூர் டாக்டர், பெயர் நொபோரு ஹகினோ, தன் பரம்பரை மருத்துவமனையில் இந்தப் பெண்களைப் பார்த்தார். ஊட்டச்சத்துக் குறைவு, வாதம் என்று பெரிய டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார். எல்லாப் புள்ளியும் ஜின்சு தண்ணீர் பாயும் இடத்திலேயே விழுந்தன. 1957-ல் சுரங்கம்தான் காரணம் என்றார். 'பட்டிக்காட்டு வைத்தியர் பேச்சு' என்று ஒதுக்கினார்கள். 1961-ல் காட்மியம் என்று பெயரையே சொன்னார்.

கம்பெனி அவரை எதிர்த்தது என்பதில் ஆச்சரியமில்லை. ஊரும் எதிர்த்தது. 'இப்படிச் சொல்லிக்கிட்டே போனா எங்க அரிசியை யாரு வாங்குவா? எங்க பையனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா?' கேள்வி இதுதான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த விவசாயியைத் திட்டுவது சுலபம். தன் வயல் நெல்லில் விஷம் இருக்கலாம் என்று தெரிந்தும் வாயைத் திறக்காதே என்கிறானே, இவன் மனிதனா என்று கேட்கலாம். ஆனால் அவன் அதே அரிசியைத் தன் வீட்டிலும் சாப்பிடுகிறான். தன் மனைவிக்கும் போடுகிறான். அந்த அரிசியைப் பார்த்தால் தெரியாது, முகர்ந்தால் தெரியாது, ருசியில் ஒரு மாற்றமும் இல்லை. களைந்து ஊற்றினாலும், கஞ்சி வடித்தாலும் முழுதாகப் போகாது. அவனிடம் நாம் கேட்பது என்ன? 'உண்மையைச் சொல். சொல்லிவிட்டு நீ மட்டும் பட்டினி கிட. நாங்கள் வேறு கடையில் வாங்கிக்கொள்கிறோம்.' உண்மையின் முழு விலையையும் ஒருத்தன் தலையிலேயே கட்டிவிட்டு, அவன் பேசவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. உண்மையைக் கேட்பவன் அதன் விலையில் பங்கு போட வேண்டும்.

இது வெறும் தத்துவம் இல்லை, நடைமுறை. ஜப்பானில் 1970-ல் அரிசிக்குக் காட்மிய வரம்பு வைத்தார்கள். கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதற்குக் கீழே, ஆனால் 0.4-க்கு மேலே இருந்த அரிசி சட்டப்படி விற்கக் கூடியதுதான். அதையும் அரசாங்கமே வாங்கி, சாப்பாட்டுக்கு அனுப்பாமல் பசை காய்ச்சுவது போன்ற வேலைகளுக்குத் தள்ளியது. பிறகு 2011-ல் வரம்பையே 0.4 ஆக்கினார்கள். தாய்லாந்தில், பர்மா எல்லையோரம் மே சோட் என்ற ஊர். அங்கேயும் துத்தநாகச் சுரங்கம், அங்கேயும் நெல்லில் காட்மியம். இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் விஷயம் வெளியே வந்தது. அரசு அந்த நெல்லை வாங்கி அழித்தது. எரிபொருளுக்கான கரும்பு போடச் சொல்லி விவசாயிகளைத் திருப்பிவிட்டது. எல்லாம் கச்சிதமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொள்கை சரி. வாயைத் திறந்தவன் வயிறு காயக் கூடாது.

ஜின்சுக் கரைக்குத் திரும்புவோம். 1968 மார்ச்சில் நோயாளிகளும் குடும்பத்தாரும் வழக்குப் போட்டார்கள். அதே வருடம் மே மாதம், இது சுரங்கத்தின் காட்மியத்தால் வந்த நோய் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1971-ல் ஜெயித்தார்கள். கம்பெனி அப்பீல் போனது. 1972 ஆகஸ்டில் மறுபடியும் ஜெயித்தார்கள்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது தீர்ப்பை விட, அவர்கள் கையில் எடுத்த சட்டப் பிரிவு. ஜப்பானின் 1950-ஆம் வருடச் சுரங்கச் சட்டம், 109-ஆம் பிரிவு. அது 'யார் தப்பு செய்தான்?' என்று கேட்பதில்லை. 'நஷ்டம் வந்தபோது சுரங்க உரிமை யார் கையில் இருந்தது?' என்று கேட்கிறது. அந்த உரிமை அதற்குள் காலாவதியாகிவிட்டதா? அப்படியானால் கடைசியாக யார் கையில் இருந்ததோ அவர் கொடுக்க வேண்டும். கவனக்குறைவு, கெட்ட எண்ணம் எதையும் நிரூபிக்க வேண்டாம்.

முதலில் படிக்கும்போது அநியாயமாகத் தோன்றும். 'அம்பது வருஷத்துக்கு முன்னாடி எவனோ கொட்டினதுக்கு நான் ஏன் சார் அழணும்?' கம்பெனியின் இன்றைய குமாஸ்தா கேட்பார். பங்கு வாங்கிய ரிட்டயர்டு வாத்தியார் கேட்பார். நியாயமான கேள்வி. பதிலும் எளிமையானது. அய்யா, உங்களைப் பாவி என்று யாரும் சொல்லவில்லை. கொட்டிய கை வேறு. ஆனால் கொட்டியதில் மிச்சமான காசு உங்கள் நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது, இயந்திரத்தில் இருக்கிறது, பெயரில் இருக்கிறது. கழிவைச் சுத்தம் செய்யாமல் விட்டதால் மிச்சமான ஒவ்வொரு காசும் கீழே இருந்த பெண்களிடம் கேட்காமல் வாங்கிய கடன். சொத்தை எடுத்துக்கொள்ளும்போது கடனை மட்டும் 'அது அப்பா காலத்தது' என்று தள்ளிவிட முடியாது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. இதைத்தான் நாம் எப்போதும் குழப்பிக்கொள்கிறோம். குற்றம் செய்தவனோடு செத்துப்போகலாம். பொறுப்பு சொத்தோடு போகிறது. பழைய இந்து சட்டத்தின் கெட்டிக்காரத்தனமும் அங்கேதான் இருந்தது. குடும்பச் சொத்து இருக்கும் அளவுக்குக் கடன். புனிதக் கடமை போகட்டும், இந்தக் கணக்கு சரியானதுதானே?

தீர்ப்போடு விவசாயிகள் ஓர் ஒப்பந்தமும் வாங்கினார்கள். எப்போது வேண்டுமானாலும், விஞ்ஞானிகளை அழைத்துக்கொண்டு, சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கலாம். செலவு கம்பெனியுடையது. வருடா வருடம் போனார்கள். 1979-ல் வயல் மண்ணைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். விஷம் ஏறிய மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண்ணைப் பரப்பும் வேலை. 860 ஹெக்டேருக்கு மேல். சுமார் 4,000 கோடி யென். அதில் கம்பெனி கொடுத்தது ஒரு பங்குதான், மிச்சம் அரசுப் பணம். வேலை முடிந்தது 2012-ல். முப்பத்து மூன்று வருடம்! கொட்டுவதற்கு ஒரு வாளி போதும், அள்ளுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். அதிகாரபூர்வமாக நோயாளி என்று அங்கீகரிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 200 பேர்.

இதெல்லாம் கம்பெனி உயிரோடு இருந்ததால் நடந்தது. கடன்காரனின் வாரிசே இல்லையென்றால்?

இங்கிலாந்தில் சோமர்செட் பகுதியில் ஷிப்பம் என்று ஒரு கிராமம். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பித்தளை செய்வதற்காகத் துத்தநாகத் தாது தோண்டினார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். பழைய குழிகளின் மேல் வீடு, தோட்டம், முட்டைக்கோஸ். 1979-ல் மண்ணைச் சோதித்தால், காட்மியம் மலைக்கவைக்கும் அளவில் இருந்தது. ஊரே பயந்தது. ஆராய்ச்சியாளர்கள் வந்து ஆட்களைப் பரிசோதித்தார்கள். நல்லவேளை, ஜின்சுக் கரை மாதிரி ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு கலந்த மண், காட்மியத்தைச் சுலபத்தில் செடிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே வயல் சோற்றை மூன்று வேளையும் சாப்பிடும் ஊருமில்லை அது. மண்ணில் விஷம் இருப்பதும் தட்டில் விஷம் இருப்பதும் ஒன்றில்லை. நடுவே மண்ணின் குணம், பயிர், சமையல், பசி எல்லாம் இருக்கின்றன. சோதித்துப் பார்க்காமல் பயப்படுவதும் தப்பு, சோதிக்காமல் தைரியமாக இருப்பதும் தப்பு.

ஆனால் ஷிப்பத்தில் விளைவு வேறு மாதிரி இருந்திருந்தால் யார் மேல் வழக்குப் போடுவது? தோண்டியவர்களின் கல்லறையில் எழுத்தே அழிந்திருக்கும்.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவின் கப்வே இன்னும் சிக்கலான கதை. ஏறக்குறைய தொண்ணூறு வருடம் ஓடிய காரீயச் சுரங்கம் 1994-ல் மூடப்பட்டது. காலனி காலத்தில் கம்பெனிகள் நடத்தின, பிறகு சுதந்திர அரசே நடத்தியது. இன்று அங்கே புழுதியில் விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம். உலகில் மிக மோசமாகக் காரீயம் படிந்த ஊர்களில் ஒன்று. 2020-ல் ஒரு பன்னாட்டுச் சுரங்க நிறுவனத்தின் மீது தென்னாப்பிரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 'நாங்கள் பெரும்பான்மைப் பங்குதாரராக இருந்ததே இல்லை, பொறுப்பும் இல்லை' என்கிறது நிறுவனம். ஏழை அரசிடம் காசில்லை. எல்லோர் கையும் காலி. குழந்தையின் ரத்தம் மட்டும் காலியாக இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்களும் நானும் வருகிறோம். கம்பெனி செத்தாலும், அது தோண்டியெடுத்த உலோகம் சாகவில்லை. துரு ஏறாமல் துத்தநாகம் பூசிய வாளி, கூரைத் தகடு, பழைய ரேடியோவின் பேட்டரி, பித்தளைக் குத்துவிளக்கு. ஏதோ ஒரு மலையின் அடிவாரத்தில் சுத்தம் செய்யாமல் விட்டதால்தான் அவை அந்த விலைக்குக் கிடைத்தன. சொத்து இப்படிச் சில்லறையாக உலகம் முழுக்கப் பிரிந்து போய்விட்டது. சொத்து போன வழியில்தான் கடனும் போக வேண்டும். வரியாகவோ, விலையில் சில காசாகவோ. பொதுப்பணத்தில் சுத்தம் செய்வதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அது தவணை.

விஞ்ஞானம் உதவாதா? உதவுகிறது. கதிர் வரும் சமயத்தில் வயலில் தண்ணீர் வற்றாமல் நிறுத்தி வைத்தால் காட்மியம் மண்ணிலேயே அடங்கிக் கிடக்கும். ஆனால் நின்ற தண்ணீரில் ஆர்சனிக் கிளம்பும். ஒன்றை உட்காரச் சொன்னால் இன்னொன்று எழுந்து நிற்கிறது. 2012-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், வேரில் காட்மியம் நுழையும் கதவையே ஏறக்குறைய அடைத்த நெல் ரகத்தை வெளியிட்டார்கள். பழைய சுரங்கங்கள் நிறைந்த அகிதா மாநிலம் 2025-ல் அப்படிப்பட்ட ரகத்துக்கு மாறியது. நல்ல காரியம். தட்டு சுத்தமாகிறது. ஆனால் நெல்தான் விஷத்தை வாங்க மறுக்கிறது. மண்ணில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. வட்டி நின்றது, அசல் அப்படியே.

கமியோகா என்ன ஆயிற்று? 2001-ல் தோண்டுவதை நிறுத்தினார்கள். ஆனால் அதற்கு முன்பே அந்த மலைக்கு வேறு புகழ் வந்துவிட்டது. அதன் ஆழத்தில் ஒரு பெரிய தொட்டி கட்டி, வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்த நியூட்ரினோக்களை 1987-ல் பிடித்தார்கள். மசதோஷி கோஷிபாவுக்கு 2002-ல் நோபல். அடுத்துக் கட்டிய இன்னும் பெரிய தொட்டியின் வேலைக்காக தகாகி கஜிதாவுக்கு 2015-ல் நோபல். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 50,000 டன் அதிசுத்தமான தண்ணீர். எந்த மலையிலிருந்து வந்த தண்ணீர் எலும்பை முறித்ததோ, அதே மலைக்குள்.

அந்த நோபல் பரிசுகளை ஜப்பானியர்கள் 'நம் வெற்றி' என்று கொண்டாடினார்கள். 'அது கோஷிபாவின் வேலை, எனக்குச் சம்பந்தமில்லை' என்று யாரும் ஒதுங்கவில்லை. நாம் மட்டும் என்ன? தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலில் வெளியூர் நண்பரை நிறுத்தி, 'பாருங்க, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நாங்க கட்டினது' என்கிறோம். அந்த 'நாங்க'வில் இருக்கும் யாரும் ஒரு கூடை மண் சுமந்ததில்லை. இருந்தாலும் தவறில்லை, சொல்லலாம். ஆனால் பெருமைக்கு ஆயிரம் வருடம் நீளுகிற 'நாங்க', மண்ணில் கிடக்கும் கடனைக் காட்டினால் மட்டும் ஏன் சட்டென்று சுருங்கி, 'நான் அப்ப பிறக்கவே இல்லையே சார்' ஆகிவிடுகிறது?